தலைப் பொருக்குக்கு எண்ணெயா, கீட்டோகோனசோல் ஷாம்பூவா?

தலை அரித்து, சொறிந்தால் நகத்தில் மஞ்சளாய்ப் பிசுபிசுவென்று பொருக்கு வருகிறதா? பெரும்பாலும் அது செபோரிக் டெர்மடைடிஸ், அதாவது எண்ணெய்ப் பசை அதிகமுள்ள இடத்தில் வரும் தோல் அழற்சி. மலசீசியா என்ற பூஞ்சை எல்லார் தலையிலும் உண்டு. தோலின் எண்ணெயைத் தின்று அது விட்டுவைக்கும் கொழுப்பு அமிலம் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

நம் வீடுகளில் இதற்கு முதல் வைத்தியம் தேங்காய் எண்ணெய். தடித்த பொருக்கை நன்றாக ஊறவைக்கும், அந்த மட்டும் சரி. ராத்திரி முழுக்க விட்டால் பூஞ்சைக்கும் தீனியாகிவிடலாம்.

கீட்டோகோனசோல் 2% ஷாம்பூ பூஞ்சையையே குறைக்கிறது. வாரம் 2 முறை, 2 முதல் 4 வாரம். போட்டவுடன் கழுவிவிடுவதால்தான் பலருக்குப் பலன் தெரிவதில்லை. முடியில் நுரை வந்தால் போதாது, தோலில் படத் தேய்த்து 3 முதல் 5 நிமிடம் விட வேண்டும். என் ஓட்டு இதற்குத்தான். பொருக்கு தடிப்பாக இருந்தால் குளிப்பதற்குச் சற்று முன் எண்ணெய் தடவி இளக்கிவிட்டு, அப்புறம் ஷாம்பூ. தயவுசெய்து நகத்தால் பிய்க்காதீர்கள், சீழ் பிடிக்கும்.

வெள்ளி நிறச் செதில் நெற்றி ஓரத்திலும் முழங்கையிலும் இருந்தால் சோரியாசிஸாக இருக்கலாம். குழந்தைக்கு வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரையா என்று பார்க்க வேண்டும். அதற்கு உள்ளுக்கு மருந்து தேவை. இரண்டுக்கும் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.