ஸ்லீவா, பைபாஸா, ஊசியா? சுகருக்கு எது?

சித்தப்பாவுக்கு பைபாஸ் என்று கேள்விப்பட்டதும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பதறிக்கொண்டு போன் செய்தார்கள். "எத்தனை அடைப்புப்பா?" இதயமில்லை, வயிற்றில் என்று விளக்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. "சுகருக்கு யாராவது ஆபரேஷன் செய்வார்களா?" என்பது அடுத்த கேள்வி.

செய்கிறார்கள். அதிகம் நடப்பவை இரண்டு. ஸ்லீவ் என்பதில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போன்ற குழாயாக்கிவிடுவார்கள். பைபாஸில் எதையும் வெளியே எடுப்பதில்லை. இரைப்பையின் மேல்பக்கம் முட்டை அளவுக்கு ஒரு பையைப் பிரித்து, சிறுகுடலின் ஆரம்பப் பகுதியைத் தாண்டி நேரே கீழே இணைத்துவிடுவார்கள்.

எடை குறைவதால் சுகர் குறைகிறது என்பது பாதிக் கதைதான். பைபாஸ் முடிந்த சில நாட்களிலேயே, எடை இறங்கும் முன்பே, சுகர் இறங்க ஆரம்பிக்கும். அந்த நாட்களில் சாப்பாடே கிடையாது என்பது ஒரு காரணம். சாப்பாடு தொடங்கிய பிறகு அது குடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரப்பது இன்னொன்று. பசி அடங்கும், கணையம் இன்சுலினைக் கூட்டும். வட கரோலினாவின் அறுவை நிபுணர் வால்டர் போரிஸ் 1995இல் தன் நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இந்தப் பேச்சைப் பெரிதாக்கியது.

சுகரை மட்டும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு பைபாஸுக்கு. நார்வேயில் 109 பேரிடம் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் மருந்தில்லாமல் சுகர் கட்டுக்குள் இருந்தவர்கள் பைபாஸில் 74 சதவீதம், ஸ்லீவில் 47. ஆனால் ஓராண்டுக் கணக்கை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் 150 பேரை வைத்துத் தொடங்கிய ஆய்வில், 5 ஆண்டு கழித்து சுகரின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.0 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, வெறும் மருந்தில் 5. மற்றவர்களுக்கு ஆபரேஷன் வீண் என்று அர்த்தமில்லை. மாத்திரையும் இன்சுலினும் நன்றாகவே குறைந்தன. 'சுகருக்கு நிரந்தரத் தீர்வு' என்று விளம்பரம் போடுபவர்கள் மட்டும் அந்த 29ஐச் சொல்ல மாட்டார்கள்.

பிறகு ஏன் ஸ்லீவ்? சீக்கிரம் முடியும், குடலில் கை வைக்க வேண்டியதில்லை, சத்துக் குறைபாடும் குறைவு. ஆனால் ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருப்பவர்களுக்கு அது தொல்லை. பைபாஸ் என்றால் பி12, இரும்பு, கால்சியம் எல்லாம் ஆயுளுக்கும். சிகரெட்டை விட முடியாதவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது, இணைத்த இடத்தில் புண் வரும்.

ஆபரேஷனே வேண்டாம் என்பவர்களுக்கு இப்போது வாரம் ஒரு ஊசி. 2025இல் இந்தியாவுக்கு வந்த மவுஞ்சாரோவின் மருந்தான டிர்ஸெபடைடு, சுகர் உள்ளவர்களிடம் 72 வாரத்தில் சுமார் 15 சதவீத எடையைக் குறைத்தது. பைபாஸ் செய்த கிளீவ்லாந்துக்காரர்களுக்கு 5 ஆண்டு கழித்தும் 23 சதவீதம் குறைந்திருந்தது. ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும், நிறுத்தாவிட்டால் மாதாமாதம் பில். பத்தியமும் ஒரு வழிதான். பிரிட்டனில் தினம் 850 கலோரிக்குள் சூப்பும் ஷேக்கும் மட்டும் 3 முதல் 5 மாதம் கொடுத்துப் பார்த்ததில், ஓராண்டில் 46 சதவீதம் பேர் மருந்திலிருந்து விடுபட்டார்கள். ஆனால் அவர்கள் எல்லாருமே சுகர் வந்து 6 ஆண்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள்.

என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: உங்கள் சுகருக்கு என்ன வயது? நாலு வருட சுகருக்கு எந்த வழியும் ஓரளவு பலன் தரும். பதினைந்து வருடமாகி, இன்சுலினும் போட்டுக்கொண்டிருந்தால் கணையத்தில் மிச்சம் கொஞ்சம்தான். சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும். அதைப் பார்க்காமல் தேதி குறிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது காசு. ஆசியர்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 27.5 முதலே இந்த ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். நம் ஊர் மெடிக்கல் இன்சூரன்ஸ் விதியோ, கட்டுக்கடங்காத சுகர் இருந்தாலும் 35 இருக்க வேண்டும் என்கிறது. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு முதல் கணக்கு 75 கிலோ, இரண்டாவது 95. நடுவில் இருக்கும் 20 கிலோக்காரர்கள் கைக்காசுதான் போட வேண்டும்.

சித்தப்பாவுக்கு 12 வருட சுகர். முதல் வாரம் மருந்து மூடியில் ரசத்தை ஊற்றிவைத்து, கால் மணி நேரத்துக்கு ஒரு மூடி குடித்தார். இப்போது இன்சுலின் நின்றுவிட்டது, மாத்திரை ஒன்று பாக்கி. "அதுவும் வேணாம்னுதானே சொன்னாங்க" என்று இன்னும் குறை. போன தையில் ஒரு கல்யாணத்தில் யாருக்கும் தெரியாமல் முழு ஜாங்கிரியை உள்ளே தள்ளியவர், பைபாஸ் வயிறு அவ்வளவு இனிப்பைத் தாங்காமல், அடுத்த கால் மணியில் வியர்த்துக் கொட்டி, படபடப்போடு பந்திக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தார். சித்திதான் விசிறிக்கொண்டிருந்தாள், வாயைத் திறக்காமல்.