கடிகாரம் காட்டி விற்கிற கடையில் வாங்காதீர்கள்

போன வாரம் ஒரு சக்கரப் பெட்டி வாங்கினேன். பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே உருள்கிறது. அதை என் தலையில் கட்டிய விதத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இணையக் கடை ஒன்றின் விளம்பரம்: '70% வரை தள்ளுபடி'. அந்த 'வரை' மட்டும் எறும்பு அளவில். உள்ளே போனால் ஒரே ஒரு பெட்டிக்குத்தான் 70%, அதுவும் இருப்பில் இல்லை. சரி, வந்தது வந்தாயிற்று என்று அடுத்ததைப் பார்த்தேன். '50% + கூடுதலாக 20%' என்றிருந்தது. மனசு தானாகவே 70 என்று கூட்டிக்கொண்டது. நூறில் பாதி போனால் ஐம்பது, அந்த ஐம்பதில்தான் 20% கழியும், அதாவது பத்து. ஆக மொத்தம் 60%. பொய் எதுவும் எழுதவில்லை, கூட்டுகிற வேலையை நம்மிடம் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

பக்கத்தின் மேலே சிவப்பில், சலுகை முடிய இன்னும் எத்தனை நிமிடம் என்று காட்டும் ஒரு கடிகாரம் ஓடியது. 14:59, 14:58... கீழே 'இரண்டே இரண்டு பாக்கி' என்று ஒரு வரி. கை பதறிவிட்டது. கார்டு எண்ணை இரண்டு முறை தப்பாக அடித்தேன். கடைசிப் பக்கத்தில்தான் 'கையாளும் கட்டணம்' என்று ஒன்று தலைகாட்டியது. எதைக் கையாண்டார்களோ! இவ்வளவு தூரம் வந்தபிறகு யார் திரும்பிப் போவார்கள்? கட்டிவிட்டேன். பில் மின்னஞ்சலில் வந்தபிறகு பார்த்தால், நான் தொடாமலே டிக் அடித்து வைத்திருந்த காப்பீட்டுக்கும் சேர்த்துப் பணம் போயிருக்கிறது.

மறுநாள் மகள் அதே பக்கத்தைத் திறந்துவிட்டு, "அம்மா, உன் சலுகை இன்னும் முடியலையே" என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தக் கடிகாரத்தையே பார்த்தோம். 00:00 வந்ததும் ஒரு நொடி நின்றது. அப்புறம் மறுபடியும் 15:00. பாக்கியும் அதே இரண்டுதான்.

வயிற்றெரிச்சல் அதோடு முடியவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு இதே பெட்டியை அக்காவுக்குக் காட்ட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். அதில் தள்ளுபடி என்ற பேச்சே இல்லை, ஆனாலும் நான் கொடுத்ததைவிட விலை குறைவு! கோடு போட்டு அடித்திருந்த அந்தப் 'பழைய விலை' அடிப்பதற்கென்றே ஏற்றிய விலை. இந்தத் தந்திரத்துக்காகத்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல், தள்ளுபடி என்று சொன்னால் அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இப்படி நம்மைச் சிக்கவைக்கிற வடிவமைப்புகளுக்கு 'டார்க் பேட்டர்ன்' என்று 2010லேயே ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் பெயர் வைத்துவிட்டாராம். எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

கடிகாரத்தைப் பார்த்தால் முழுதாக ஓடவிடுங்கள். நின்றபிறகும் அதே விலைதான் என்றால் விஷயம் புரிந்துவிடும். பிடித்த பொருளை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணம் கட்டும் பக்கத்தில் நீங்கள் போடாத டிக் ஏதாவது இருக்கிறதா என்று மேலிருந்து கீழ்வரை பாருங்கள்.

காப்பீட்டை ரத்து செய்ய சாட்டில் நாற்பது நிமிடம் ஆனது. "ஏன் வேண்டாம்?" என்று நாலு தடவை கேட்டார்கள். அந்தப் பணம் திரும்பி வந்துவிட்டது. கையாளும் கட்டணம் வராதாம், ஏற்கெனவே கையாண்டுவிட்டார்களாம்.