கர்ஸ்டு சைல்ட்: தனியாகப் படிப்பதா, கூடி வாசிப்பதா, மேடையில் பார்க்கக் காத்திருப்பதா?

இந்த ஆனி மாதத்தில் இரண்டு சாயங்காலம், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து ‘ஹாரி பாட்டர் அண்ட் தி கர்ஸ்டு சைல்ட்’ நாடகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டு வாசித்து முடித்தோம். அதே நாடகத்தை 2016-ல் நான் தனியாக ஒரே ராத்திரியில் படித்துவிட்டு, இது நம்ம ஹாரி கதையே இல்லை என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஒன்பது வருஷத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. இப்போது கேட்டால், கூடி வாசியுங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கதையின் திருப்பங்கள் சில இதில் வரும். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

ஹாரி பாட்டர் வரிசையில் ஏழாவது நாவல் வந்தது 2007 ஜூலை 21. அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் இருந்தோம். பிறகு லண்டன் பேலஸ் தியேட்டரில் 2016 ஜூலை 30 அன்று இந்த நாடகம் முறைப்படி அரங்கேறியது. மறுநாளே நாடகப் பிரதி புத்தகமாக வந்துவிட்டது. கதை ஜே.கே. ரோலிங், ஜான் டிஃபனி, ஜாக் தோர்ன் மூவருடையது. நாடகமாக எழுதியவர் ஜாக் தோர்ன். இதையெல்லாம் அட்டையிலேயே போட்டிருந்தார்கள். இருந்தும் நான் அதை எட்டாவது நாவலாக நினைத்துத்தான் திறந்தேன். என் சிநேகிதிகளும் அப்படித்தான். முதல் கோணல் அங்கே ஆரம்பித்தது.

மேடையில் பார்ப்பதைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல முடியாது. நான் பார்த்ததில்லை. 2017-ல் ஒன்பது ஆலிவியர் விருதுகள், நியூயார்க் போனபிறகு 2018-ல் ஆறு டோனி விருதுகள் வாங்கிய நாடகம். அதன் மேடை வித்தைகளைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் திருநெல்வேலியிலிருந்து லண்டன் போவதென்றால் விசா, விமானம், தங்குமிடம் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பத்தின் பல வருஷச் சேமிப்பு. போகிறவர்களுக்கு ஒன்று மட்டும். லண்டனில் இரண்டு பாகமாக, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும்படி அரங்கேறிய நாடகம் இது. நியூயார்க்கில் 2021 நவம்பரில் அதைச் சுமார் மூன்றரை மணி நேர ஒற்றை நாடகமாகச் சுருக்கிவிட்டார்கள். நம் கையில் இருக்கும் புத்தகம் இரண்டு பாக வடிவம். புத்தகத்தை மனசில் வைத்துக்கொண்டு போகிறவர்கள், எங்காவது இரண்டு பாகமாக நடந்தால் அதைத் தேடிப் போவது நல்லது என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்கிற வார்த்தை இல்லை, பிரதியை இரண்டு முறை படித்ததை வைத்துச் சொல்வது.

இனி நம்மூர்க்காரர்களுக்குக் கைக்கெட்டும் இரண்டு வழிகள்.

தனியாகப் படிப்பதில் வசதி உண்டு. மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். பிடித்த இடத்துக்குத் திரும்பிப் போகலாம், யாருடைய நேரத்துக்கும் காத்திருக்க வேண்டாம். அதன் கெடுதலும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. நாவலில் ஹாரி ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தால் அந்த யோசனைக்கு ஒரு பக்கம் இருக்கும். நாடகப் பிரதியில் பெயர், அதன்கீழ் ஒரு வரி, அடுத்த பெயர், அடுத்த வரி. கண் சறுக்கிக்கொண்டே போகிறது. பாத்திரங்களோடு இருக்க நேரம் கிடைக்காததால் மூளை குற்றம் கண்டுபிடிக்கக் கிளம்பிவிடுகிறது. ஐந்தாம் நாவலில் மந்திர அமைச்சகத்தில் நொறுங்கிப்போன காலத்திருப்பிகள், அதாவது காலத்தில் பின்னால் போக உதவும் கருவிகள், மறுபடி எங்கிருந்து வந்தன? மூன்றாம் நாவலில் பின்னால் போய் எதைச் செய்தாலும் அது ஏற்கெனவே நடந்ததாகத்தானே இருந்தது, இங்கே மட்டும் எப்படி உலகமே மாறுகிறது? செட்ரிக் போன்ற நல்ல பையன் ஒருவன் ஒரு போட்டியில் அவமானப்பட்டதற்காக வில்லன் வால்டமார்ட்டின் பக்கம் போவானா? வால்டமார்ட்டுக்கு ஒரு மகளா? இந்தக் கேள்விகளை நானும் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன். கூடி வாசித்ததால் இவற்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் கிடைத்துவிடவில்லை. ஆனால் வாசித்த இரண்டு நாளும் இவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச வேறு விஷயம் இருந்தது.

என் மனசை மாற்றியது ஒரே ஒரு விஷயம், பிரதியில் இருக்கும் மௌனங்கள்.

முதல் அங்கத்தில் ஹாரியின் இரண்டாவது மகன் ஆல்பஸின் அறையில் ஒரு காட்சி. ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளியில் அவன் நான்காம் வருஷத்துக்குக் கிளம்பும் முந்தின இரவு. பெட்டூனியா பெரியம்மா இறந்தபிறகு அவள் சாமான்களுக்குள்ளிருந்து கிடைத்த ஒரு பழைய குழந்தைப் போர்வை. ஹாரியை அந்த வீட்டு வாசலில் விட்டுப்போனபோது சுற்றியிருந்தது. தன் தாயிடமிருந்து மிஞ்சிய ஒரே பொருளான அதை ஹாரி மகனிடம் கொடுக்கிறான். மூத்தவனுக்கு மாய அங்கி, தங்கைக்குத் தேவதைச் சிறகு, எனக்கு இந்தப் பழந்துணியா என்று பதினாலு வயதுப் பையன் கேட்கிறான். பேச்சு வளர்கிறது. நீங்கள் என் அப்பாவாக இல்லாதிருந்தால் நன்றாயிருக்கும் என்கிறான் மகன். நீ என் மகனாக இல்லாதிருந்தால் என்று எனக்கும் சில நேரம் தோன்றுகிறது என்று அப்பனும் சொல்லிவிடுகிறான். அதன்கீழ் அடைப்புக்குறிக்குள் ஒரு மேடைக் குறிப்பு. மௌனம். ஆல்பஸ் தலையசைக்கிறான். என்ன சொல்லிவிட்டோம் என்பது ஹாரிக்கு உறைக்கிறது. அவ்வளவுதான்.

2016-ல் அந்தக் குறிப்பை நான் படித்த நேரம் ஒரு வினாடி இருக்குமா? அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

மொட்டைமாடியில் ஹாரியாக வாசித்தவர் என் அண்ணன். ஆல்பஸாக வாசித்தவன் அவருடைய சொந்த மகன், என் மருமகன், ஒன்பதாம் வகுப்பு. திட்டம் போட்டுச் செய்யவில்லை. பையனுக்கு அந்த வயது, அண்ணனுக்குக் கனத்த குரல், அப்படியே அமைந்துவிட்டது. மேடைக் குறிப்புகளை நான் வாசித்தேன். இந்த இடம் வந்ததும் மருமகன் தன் வரியை ஆங்கிலத்தில் கடகடவென்று வாசித்து முடித்தான். அண்ணன் வாசிக்கவில்லை. வரி எங்கே இருக்கிறது என்று தேடுகிறார் என நினைத்து பையன் விரலை வைத்துக் காட்டினான். “ஒங்க வரிதாம்ப்பா, வாசிங்க.” “வாசிக்கேம்ல, இரு” என்றார். பிறகு, அதுவரை ஆங்கிலத்திலேயே வாசித்துவந்தவர், கண்ணைத் தாளில் வைத்துக்கொண்டே தமிழில் சொன்னார். “நீ என் பிள்ளையா இல்லாம இருந்திருக்கலாம்னு சில நேரம் எனக்கும் தோணுதுல.”

அடுத்து நான் வாசிக்க வேண்டிய குறிப்பு மௌனம் என்பது. நான் அந்தச் சொல்லை வாசிக்கவில்லை, வாசிக்கத் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மருமகன் தலையை அசைத்தானா என்றுகூட நான் பார்க்கவில்லை. முதலில் பேசியது மைனிதான். “ஏ பிள்ள, அந்தப் போர்வைய அவனுக்குத் தராமலே இருந்திருக்கலாம்லா.” மைனி ஒரு ஹாரி பாட்டர் நாவலும் படித்ததில்லை. ஆனால் அந்தக் காட்சியின் முடிச்சு போர்வையில் இருக்கிறது என்பது அவளுக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அந்தப் போர்வை கடைசி அங்கத்தில் திரும்பி வந்து கதையையே காப்பாற்றப்போகிறது என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

நாடகப் பிரதி மனுஷக் குரலுக்காக எழுதப்பட்டது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை எழுதியவர் நடிகரிடம் விட்டிருக்கிறார். தனியாகப் படிக்கும்போது அந்த நேரத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆல்பஸும் அவன் சிநேகிதன் ஸ்கார்ப்பியஸும் பேசுகிற இடங்களும் அப்படித்தான். தாளில் ஸ்கார்ப்பியஸின் பேச்சு அசட்டுத்தனமாகப்பட்டது எனக்கு. எதிர்வீட்டுப் பெண் கல்லூரி முதலாண்டு. அவள் அந்தப் பாத்திரத்தை வாசித்தபோது, தாயை இழந்த பையன், வால்டமார்ட்டின் பிள்ளை என்று ஊரே வம்பு பேசுகிற பையன், பயத்தை மறைக்கத்தான் இத்தனை வேடிக்கை பேசுகிறான் என்பது அவள் மூச்சு வாங்கிய இடங்களில் தெரிந்தது.

இது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. கோவில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பாபநாசம் மலைக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோவிலில் நிற்கும் பட்டவராயன், அதாவது முத்துப்பட்டன் கதை எல்லோருக்கும் மனப்பாடம். பட்டன் சாகப்போவதும் அவன் மனைவியர் பொம்மக்கா, திம்மக்கா நிலைமையும் கேட்பவர் அனைவருக்கும் முன்கூட்டியே தெரியும். இருந்தும் அண்ணாவி ஒரு வரியைப் பாடி நிறுத்தி, பக்கப்பாட்டுக்காரர் “ஆமா” போட்டு, உடுக்கை ஒரு சுற்று ஓய்கிற அந்த இடைவெளியில் கூட்டம் உறைந்துபோகும். அதே கதையை அச்சில் படித்தால் அரை மணி நேர வேலை. கதை மாறிவிட்டதே என்கிற சண்டையும் நமக்குப் பழக்கம்தான். முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்த நாங்குநேரி நா. வானமாமலை, பின்னால் வந்தவர்கள் அந்தப் பெண்களின் பிறப்பையே மாற்றிச் சேர்த்ததைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். அந்த மாற்றத்தோடு சண்டை போட்டுக்கொண்டே கதையைக் கேட்கிறோம். ஹாரியிடமும் அப்படி இருக்க முடியும் என்பது எனக்கு இந்த ஆனியில்தான் தெரிந்தது.

கூடி வாசித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். ஹாக்வார்ட்ஸ் ரயிலின் கூரையில் தின்பண்ட வண்டிக்காரக் கிழவி பூசணிப் பலகாரத்தை வெடிகுண்டாக எறிகிற காட்சி தாளிலும் எடுபடவில்லை, குரலிலும் எடுபடவில்லை. வேகமாகத் தாண்டிவிட்டோம். இரண்டாம் அங்கத்தில் நகரும் படிக்கட்டுகளில் நண்பர்கள் இருவரும் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்துப் பிரிகிற காட்சியில் வசனமே கிடையாது, வெறும் மேடைக் குறிப்பு. நான் எவ்வளவு நிதானமாக வாசித்தாலும் அது குறிப்பாகவே இருந்தது. அங்கே இமோஜன் ஹீப்பின் இசையும் நகரும் படிக்கட்டும் உள்ள மேடைதான் ஜெயிக்கும். டெல்ஃபி என்கிற பெண் யார் என்று வெளிப்படும் இடமும் தனியாகப் படித்தபோது எப்படி அவசரமாகத் தோன்றியதோ அப்படியே இப்போதும்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில சொல்கிறேன். ஒரே பிரதியை ஆறு பேர் கைமாற்றினால் மௌனமெல்லாம் தேடுகிற நேரமாகிவிடும். குறைந்தது மூன்று பிரதி வேண்டும். எங்களிடம் 2016 ஒத்திகைப் பதிப்பு ஒன்று, 2017-ல் வந்த முழுமைப் பதிப்பு ஒன்று, அப்புறம் கைபேசியில் ஒன்று இருந்தன. பக்க எண் ஒத்துவராது, அங்கமும் காட்சியும் சொல்லித்தான் திருப்ப வேண்டும். புதிதாக வாங்குவதானால் முழுமைப் பதிப்பு வாங்குங்கள். நாடகப் பிரதியை எப்படிப் படிப்பது என்று டிஃபனியும் தோர்னும் பேசும் பகுதி அதில் இருக்கிறது. பாட்டர் வம்சாவளியும் உண்டு, மைனிக்கு அது ரொம்ப உதவியது. முதல் நாள் இரண்டு அங்கம், மறுநாள் இரண்டு அங்கம். மொத்தம் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேடைக் குறிப்பு வாசிப்பவர் வேறு பாத்திரம் எடுக்கக் கூடாது. நான் முதலில் ஹெர்மயோனியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு திணறி, இரண்டாம் அங்கத்தில் அதைச் சித்தியிடம் கொடுத்துவிட்டேன். மாடியில் வாசித்தால் ஆனிக் காற்றுக்குத் துணி கிளிப் வேண்டும், ஆளுக்கு இரண்டாவது.

இவ்வளவும் ஒரே ஒரு கூட்டத்தின் அனுபவம். அப்பாவும் மகனும் அப்பாவும் மகனுமாக வாசித்தது எங்களுக்கு வாய்த்தது. நண்பர்கள் மட்டும் சேர்ந்து வாசித்தால் அதே அழுத்தம் வருமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஸ்கார்ப்பியஸ் காட்சிகள் வரும் என்று நம்புகிறேன். ஆறு பேர் சேராவிட்டால் இரண்டு பேர் போதும், அந்தப் பையன்கள் இருவரின் காட்சிகளை மட்டும் எடுத்து வாசியுங்கள்.

இரண்டாம் நாள், கடைசிக் காட்சிகளுக்குச் சற்று முன்னால் ஓர் இடத்தில், காலத்தில் பின்னால் போன ஹாரி தன் தாயும் தகப்பனும் சாவதைத் தடுக்காமல் நின்று கேட்க வேண்டும். 1981 அக்டோபர் 31, காட்ரிக்ஸ் ஹாலோ. அண்ணனுக்கு அங்கே வரி அதிகம் இல்லை. புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மருமகன் தன் முறை வந்தபோது, முந்தின நாள் மாதிரிக் கடகடவென்று ஓடாமல், அப்பா நிமிர்கிற வரை நிறுத்திவிட்டு அப்புறம் வாசித்தான்.