கற்பதுக்கைக்கு வேலியா, மண் மூடலா?
இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், வாகரைக்கு வடக்கே கதிரவெளியில் உள்ளது போன்ற கற்பதுக்கைக்கு, அதாவது நாலு பக்கமும் நட்ட பலகைக்கல்லும் மேலே மூடுகல்லுமாக இருக்கும் ஈமக்குழிக்கு, முட்கம்பி வேலி மாட்டைத் தடுக்கும், மாரி மழையைத் தடுக்காது. திறந்த குழியில் வெள்ளம் தேங்கினால் அடிமண் கரைந்து கல் உள்ளே சாயும். வேலிக் கட்டையைக் கிட்ட நட்டால் அதற்குத் தோண்டுவதே பக்கத்தில் புதைந்த தாழியை, அதாவது ஈமப் பானையை, உடைத்துவிடும்.

அகழ்ந்த குழிக்கு மண் மூடலே மேல். முதலில் அளவும் படமும்; பிறகு நீர் வடியும் துணிவிரிப்பு, மேலே சலித்த ஆற்றுமணல். களிமண் கோடையில் வெடித்துக் கல்லை இழுக்கும். கடல்மணலோ, உப்பேறி மட்பாண்டத்தின் மேற்பரப்பை உரிக்கும். பார்க்க வருபவருக்கு ஒன்றும் தெரியாதுதான். புதையல் தோண்டுகிறவனுக்கும் தெரியாதே!

இரண்டுக்கும் தொல்பொருள் திணைக்கள அனுமதி முதலில் வேண்டும்.