"எந்த வெயிலையும் தாங்கும் கோதுமை விதை" – ராமநாதபுரம் கடக்கரை தேவிபட்டினத்துல போட்டுப் பாத்தாச்சு

ஆன்லைன்ல அரை கிலோ பாக்கெட்டா விக்கிறாங்கல்ல, அதத்தான் சொல்றேன், கடை பேரு வேணாம். முளைப்பு நல்லா இருந்துச்சு, கல்லு தூசி இல்ல. வீட்டுக்குப் பின்னால மணல் தரையில தொழுஉரம் போட்டு கார்த்திகை கடைசில வெதச்சு ஊத்துத் தண்ணி எடுத்து ஊத்துனோம். அதுக்கப்புறம்தான் வெவகாரம். ஒரு செடிக்கு ஒண்ணு ரெண்டு தூருக்கு (அடியிலேர்ந்து கெளைக்கிற தண்டு) மேல கட்டல, முழங்கால் ஒசரம் வர்றதுக்குள்ள கதிர் தள்ளிருச்சு, கதிர உள்ளங்கையில வச்சு கசக்குனா சீரகம் மாதிரி சுருங்குன மணி, நகத்தால கீறுனா உள்ள மாவே இல்ல.

வெதைய விட லேபிள் மேலதான் எனக்குக் கோவம். வடக்க வெயில் தாங்குற ரகம்னு சொல்றது எதுக்குன்னா, குளிர்ல நல்லா தூர் கட்டி வளந்துட்டு மார்ச்ல பால் பிடிக்கிற நேரத்துல திடீர்னு சூடு ஏறுனா சமாளிக்கும்னு. 2022 மார்ச்ல அங்க அப்படி அடிச்ச வெயில்லதான் மணி சுருங்கி, மே 13ல ஏற்றுமதிக்கே தடை போட்டாங்க. நம்ம கடக்கரையில மார்கழிலயும் அந்தக் குளிர் கெடையாது, கடல் காத்து பகல் வெயில கொறைக்கும் ஆனா ராத்திரியவும் குளிர விடாது, செடி பகல்ல சேத்ததுல பாதிய ராத்திரி மூச்சு விட்டே கரைச்சிரும் போல, ஆயுசும் சீக்கிரம் முடிஞ்சிருது. மணிக்குள்ள மாவு கட்டுற என்சைம் வேற 30 டிகிரிய தாண்டுனா மந்தமாயிரும்.

"ஹீட் ஜீன் உள்ளது"னு வேற போட்டிருக்காங்க, செம காமெடி. சப்பாத்தி கோதுமை மூணு புல்லு இனம் கலந்து வந்த பயிரு, 42 குரோமோசோம், நெறைய ஜீனுக்கு மூணு மூணு காப்பி. இதுல சூட்டுல புரதம் குலையாம பாத்துக்க சில ஜீன், இலைய பச்சையா வச்சிருக்க சிலது, வேர ஆழமா விட சிலது, ஒவ்வொண்ணும் கொஞ்சூண்டுதான் ஒதவும். ஒரு ஜீன காட்டி வித்துட்டு போக இது என்ன சிம் கார்டா?

டிபிடபிள்யூ 187, எச்டி 3385னு முறையா வர்ற ரகத்துக்கெல்லாம் பேர் இருக்கு, எந்த ஏரியாவுக்கு, எப்ப வெதைக்கணும்னு சேத்தே சொல்வாங்க. இந்த பாக்கெட்ல ரகம் பேரே இல்ல. கேட்டு மெசேஜ் போட்டா "பிரீமியம் குவாலிட்டி சார்"னு பதில் வருது. ரகம் என்னன்னு சொல்லாம யார் வித்தாலும் வாங்காதீங்க, அதுவும் தொண்டியிலேர்ந்து ஏர்வாடி வரைக்கும் இருக்குறவங்க கோதுமைக்கு காசு செலவழிக்கிறதுக்கு பதிலா கம்பு கேழ்வரகு போடுங்க.

ரெண்டு ஸ்டார். ஒண்ணு முளைப்புக்கு, இன்னொண்ணு ஆடு அந்தக் கோதுமைத் தாள விரும்பித் தின்னுச்சே அதுக்கு.