கடைசி பஸ் யாருடையது?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் நிலையத்தில் இரண்டு வகை பஸ் நிற்கும். ஒன்று அரசின் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சிவப்பு பஸ்; பழைய ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக நாங்கள் சிடிபி என்றுதான் சொல்வோம். மற்றது தனியார் பஸ். சாதாரண சேவைக்கு இரண்டிலும் ஒரே கட்டணம். எது நல்லது என்று யாராவது கேட்டால், எத்தனை மணிக்கு, எந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பகலில் மெயின் ரோட்டில் தனியார்தான் கைகொடுக்கிறது. நுவரெலியாவுக்கோ மஸ்கெலியாவுக்கோ ஒன்று போனால் பின்னாலேயே அடுத்தது வரும். கை காட்டிய இடத்தில் நிறுத்துவார்கள். மரக்கறி மூட்டையைத் தூக்கிவிட நடத்துனரே இறங்கி வருவார். சிடிபியில் பஸ் பழுதாகி டிப்போவில் கிடந்தால் அன்றைய ட்ரிப் இல்லை. மாதச் சம்பளம் எப்படியும் வரும் என்று கை காட்டினாலும் நிறுத்தாமல் போகிறவர்களும் உண்டு. இந்தக் குறைகளை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பினால் கணக்கு மாறிவிடுகிறது. தனியார் முதலாளி பெரும்பாலும் ஒன்றிரண்டு பஸ் வைத்திருப்பவர். லீசிங் கட்ட வேண்டும், டீசல் அடிக்க வேண்டும், சாரதிக்கும் நடத்துனருக்கும் அன்றைய வசூலில் இருந்தே கொடுக்க வேண்டும். ஏழெட்டுப் பேருக்காக இரவு ஏழு மணிக்குக் குழியும் கல்லுமான ரோட்டில் தோட்டத்தின் மேல்பகுதியான மேல்டிவிசன் வரை ஏறினால் அவருக்கு நட்டம்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஏழெட்டுப் பேர் யார்? டவுன் கடையில் வேலை செய்யும் பெண், டியூஷன் முடிந்த ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளை, கிளினிக்கில் நாள் முழுக்கக் காத்திருந்த பாட்டி. பஸ் இல்லையென்றால் இவர்களுக்கு ஆட்டோதான். அந்தக் காசு கொழுந்து பறித்த சம்பளத்தில் இருந்துதான் போக வேண்டும்.

எங்கள் தோட்டத்துக்கு விடியற்காலையில் சிடிபி வரும். கோயிலடியில் திருப்பியதும் நடத்துனர் லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) படிகளை அண்ணாந்து பார்ப்பார். டார்ச் வெளிச்சம் ஒன்று இறங்குவது தெரிந்தால், “கொஞ்சம் இருங்க, ஒரு புள்ள ஓடி வருது” என்பார் சாரதியிடம். வெள்ளைச் சீருடை, காலில் ரப்பர் செருப்பு, சேறு படாமல் சப்பாத்து ஷொப்பிங் பையில். ஏறியதும் சீசன் டிக்கெட்டை எடுத்துக் காட்டும். அந்தச் சீசன் தனியார் பஸ்ஸில் செல்லாது.

தனியார் கம்பெனிகளிடம் இருந்த பஸ் சேவையை அரசு எடுத்துக்கொண்டது 1958 ஜனவரி 1இல். 1979இல் தனியாருக்கு மறுபடி கதவு திறந்தது. அப்புறம் நடந்தது நமக்கே தெரியும்: லாபமான ரோட்டுச் சதை தனியாருக்கு, நட்டமான ரோட்டு எலும்பு சிடிபிக்கு. எலும்பைக் கொடுத்துவிட்டு ஏன் நட்டம் என்று சிடிபியைக் கேட்பது நியாயமில்லை.

2005இல் தொடங்கிய சிசு செரிய சேவையில், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் பஸ்ஸுக்கு அரசு காசு கொடுக்கிறது. தனியாரும் சேர்ந்து ஓடுகிறார்கள். இரவு ஏழு மணி பஸ்ஸுக்கும் அப்படிக் கொடுத்தால் யார் ஓட்டினாலும் எனக்குச் சரிதான். டிப்போவை மட்டும் சுருக்கக் கூடாது. கட்டுபடியாகவில்லை என்று தனியார் நாளைக்கு நிறுத்திவிட்டால், அடுத்த நாள் காலையில் அந்தப் பிள்ளையை ஏற்ற ஒரு பஸ் எங்கேயாவது நிற்க வேண்டுமே.