8,500 ரூபாய்க்கு வாங்கிய கல்லூரி ரேங்க்: பெற்றோர்களே, உஷார்!

என் மகளுக்குக் கல்லூரி சொன்ன 'கல்வி வழிகாட்டி' அலுவலகத்துக்கு ஏழாவது முறை போன் செய்துவிட்டு இப்போதுதான் வைத்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கல்யாண மண்டபம் ஒன்றில் கல்விக் கண்காட்சி. அதில் இவர்களுடைய ஸ்டால். இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு 'மாணவர்களே கொடுத்த ரேங்க்' போட்ட புத்தகம் 1,500 ரூபாய். கவுன்சலிங்குக்கு மகளுக்கென்றே கல்லூரிகளை விருப்ப வரிசையில் அடுக்கித் தரும் சாய்ஸ் லிஸ்ட் 7,000. மொத்தம் 8,500.

நான் விழுந்தது எங்கே தெரியுமா? ஸ்டாலில் இருந்தவர் மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்து, கால்குலேட்டரைத் தொடாமல், "கணக்கு 88 அப்படியே. பிசிக்ஸ் 78, கெமிஸ்ட்ரி 82, இரண்டும் சேர்த்துப் பாதி 80. கட்ஆஃப் 168" என்றார். பிளஸ் டூ படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்குதான். அன்று எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது. "நம்ம பொண்ணு மாதிரி சார்" என்று வேறு சொன்னார். அங்கேயே நின்று ஜிபேயில் அனுப்பினேன்.

புத்தகத்தில் நாலாவது ரேங்க் கல்லூரியை லிஸ்டில் முதலில் வைத்திருந்தார்கள். அதுவே கிடைத்தது. முதல் விருப்பமே கிடைத்துவிட்டால் அதற்கு மேலே நகர ஏது வழி? சேர்க்கைக்குப் போனோம். பெண்கள் விடுதிக்குத் தூண்கள் மட்டும் நிற்கின்றன, கம்பி துருப்பிடித்து. புத்தகத்தில் அந்த விடுதிச் சாப்பாட்டுக்கு 5க்கு 4.8! யார் சாப்பிட்டார்களோ. பின்னட்டையில் அதே கல்லூரியின் முழுப்பக்க விளம்பரம். இதை நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

போன் செய்தால் முதலில் "சார் மீட்டிங்கில் இருக்கிறார்". அப்புறம் "ரேங்க் மாணவர்கள் கொடுத்தது, நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்?" கடைசியில் "சீட் கிடைத்ததா இல்லையா சார்?" என்று என்னையே கேட்கிறார்கள். 8,500 ரூபாய்க்கு ரசீதும் கிடையாது.

என்ன செய்யலாம் என்று விரிவாகச் சொல்ல நினைத்தேன், பொறுமை இல்லை. முந்தைய ஆண்டு கட்ஆஃப் கவுன்சலிங் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கிறது. கல்லூரிவாரித் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) தரும் அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடையாது, பிரிவுவாரியாகத்தான். உங்கள் பிரிவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். லிஸ்டைப் பூட்டுவதற்கு முன்னால் ஒருமுறை நேரில் போய் வாருங்கள்.

மகள் திங்கள் முதல் அங்கேதான் போகிறாள். பஸ்ஸில், ஒரு பக்கம் ஒன்றேமுக்கால் மணி நேரம்.